உருமா கட்டிய பின் ஓர் உயில்

14.6.2025, சனி

கூடத்தில் நான்கு யூரியா மூட்டை. நேற்று பென்ஷன் விஷயமாகக் காரைக்கால் போய்விட்டு வருவதற்குள் அறிவுச்செல்வன் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறான். அவனிடம் ஒரு சாவி இருக்கிறது. மார்ச்சில் என் வீட்டுக்காரர் இறந்த வாரம், ஆட்கள் வந்து போக வசதியாக இருக்கட்டும் என்று நானே கொடுத்தது.

அறிவு அவருடைய அண்ணன் மகன். விழிதியூரில் இருக்கிற எங்கள் பன்னிரண்டு மா நிலத்தை அவன்தான் பார்க்கிறான். குறுவைக்கு உரம் வாங்கினால் வைக்க இடம் வேண்டும், சரி. அதற்காக சோபாவை நகர்த்திவிட்டு, அவர் படத்துக்கு நேர் கீழேயா? போன் போட்டேன்.

"ஏம்ப்பா, ஒரு வார்த்த சொல்லிட்டு வைக்கக் கூடாதா?"

"நம்ம வீடுதானே சித்தி" என்றான்.

குரலில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் எனக்கு இத்தனை எரிச்சல். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

15.6.2025

மூட்டைகள் அங்கேயே இருக்கின்றன. நான் சமையலறையில் நின்றுகொண்டு டீ குடிக்கிறேன். என் வீட்டில், மூட்டைக்கு வழிவிட்டு!

20.6.2025, வெள்ளி

வாயால் யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம். பந்தலில் இருநூறு பேர். எங்களுக்குப் பிள்ளை இல்லாததால் அறிவுதான் கொள்ளி வைத்தான். அன்றைக்கு அவன் தலையில்தான் உருமா கட்டினார்கள். புதுத் துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டால் போதும், செத்தவருக்கு இவன்தான் வாரிசு என்று ஊர் முடிவுகட்டிவிடும். கட்டுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, சம்மதந்தானே?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு நான் எதற்குத்தான் தலையாட்டவில்லை? காபி வேணுமா என்றார்கள், ஆட்டினேன். படுத்துக்கிறியா என்றார்கள், ஆட்டினேன். வீட்டை எடுத்துக்கவா என்று கேட்டதும் அந்த வரிசையில் ஒன்றாகத்தான் வந்தது.

இதில் கேவலம் என்னவென்றால், நான் விவரம் தெரியாதவள் இல்லை. முப்பத்தோரு வருஷம் நெரவி கொம்யூன் பஞ்சாயத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். இறப்புச் சான்றிதழ் வாங்க வந்த அண்ணன் தம்பிகள் என் மேஜைக்கு முன்னாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பேருக்கு "உசுரோட இருக்கறப்பவே எழுதி வச்சிடுங்க" என்று புத்தி சொல்லியிருப்பேன்! வீட்டில் அவரிடம் சொன்னால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பங்கஜம்" என்பார். வயலுக்குப் போட வேண்டிய கையெழுத்தென்றால் ஓடுவார், இதற்கு மட்டும் அடுத்த வருஷம்.

தாலுகா ஆபீஸ் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் மனைவி, ஒருவர் மட்டும் என்று என் பெயர்தான் இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்? துண்டு கட்டியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

27.6.2025

இன்று வக்கீலிடம் போனேன். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. மஹ்பூபா என்று பெயர், நாற்பது வயதிருக்கும். நான் உட்காரும் முன்பே, "நீங்க கொம்யூன்ல இருந்த மேடம்தானே? எங்க வாப்பா மௌத்தானப்ப ஒரே நாள்ல டெத் சர்ட்டிபிகேட் போட்டுக் குடுத்தீங்க" என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

தலையாட்டிய கதையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள்.

"தலையாட்டுனதுக்கெல்லாம் சட்டத்துல ஒண்ணும் கெடையாது மேடம். நெலம், வீடு ரெண்டும் இப்ப உங்களோடது. உங்க இஷ்டம்."

என் இஷ்டம். மாடிப்படி இறங்கும்போது அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் இஷ்டம் என்ன? தெரியவில்லையே!

10.7.2025

மாங்கனித் திருவிழா. காரைக்காலே கூட்டத்தில் திணறுகிறதாம். பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள். போகவில்லை. பீரோவைத் திறந்து பத்திரங்களையெல்லாம் வெளியே எடுத்து, தூசி தட்டி, அதே வரிசையில் திரும்ப உள்ளே வைத்தேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

18.7.2025

உயிலின் முதல் நகல் தயார். நிலமும் வீடும் அறிவுக்கு. ஊரே ஒத்துக்கொண்டது, நானும் ஒத்துக்கொண்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். மஹ்பூபா வாசித்தாள். நிலத்துக்கு ஒன்றும் இல்லை. உழுகிறவன் அவன், அவனுக்குப் போகட்டும். "மேற்படி வீட்டையும் மனையையும் அறிவுச்செல்வன் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அந்த வீட்டுக்கு மனை வாங்கியது அவர், கட்டியது நான். ஆபீஸ் முடிந்து வந்து சாயங்காலம் சாயங்காலம் நானே ஹோஸ் பிடித்துச் சுவருக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன்.

"வீட்ட மட்டும் எடுத்துடும்மா. யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

3.8.2025, ஆடிப்பெருக்கு

மூத்தார் வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன் வைத்தியலிங்கம், அறிவின் அப்பா. எழுபத்தைந்து வயதிலும் விழிதியூரிலிருந்து டிவிஎஸ்-50யில் வருகிறார். வெண்டைக்காய், கீரை, ஒரு சீப்புப் பழம். இந்த மனிதரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

பழத்தை வைத்துவிட்டு ஆரம்பித்தார். "ஏம்மா பங்கஜம், எல்லாம் தெரிஞ்சதுதானே. அறிவு பேரப் போட்டு வீட்ட செட்டில்மெண்டா எழுதிக் குடுத்துட்டா உனக்கும் நிம்மதி. தை பொறந்ததும் நல்ல நாளு பாத்து பத்திரம் போட்டுடலாம். அவங்க இங்க வந்துருவாங்க, புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கும் கிட்ட. நீ பின்கட்டு ரூம்ல இருந்துக்கலாம். ஒண்டிக்கட்டைக்கு அது தாராளம்."

பின்கட்டு ரூம் என்பது அம்மியும் பழைய சைக்கிளும் கிடக்கிற அறை.

நான் என்ன செய்தேன்? "பாப்போம் மாமா" என்றேன். அத்தோடு காபியும் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று ஞாபகமாக அரைக் கரண்டிதான் போட்டேன்.

4.8.2025

தாராளமாம்! யாருக்குடா தாராளம்? முப்பது வருஷமா நான் படுத்த ரூம்ல யாரு படுக்கப் போறா? ஒண்டிக்கட்டைன்னா உயரம் கொறஞ்சிருமா, கை கால் சின்னதாயிருமா? பாப்போம் மாமான்னு பல்ல இளிச்சேனே, என்னைச் சொல்லணும்.

22.8.2025

மஹ்பூபாவிடம் செட்டில்மெண்ட் பேச்சைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"செட்டில்மெண்ட்டுன்னா எழுதுன அன்னிக்கே வீடு அவங்களோடது. உயிலுன்னா நீங்க கண்ண மூடுனதுக்கப்புறம்தான். அதுவரைக்கும் பத்து தடவ மாத்தலாம், கிழிக்கலாம். யாருக்குக் குடுக்கறதுங்கறத விடுங்க மேடம். நீங்க எங்க இருக்கப் போறீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல."

மார்ச்சிலிருந்து இத்தனை பேர் வந்து போனார்கள், ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "என் ரூம்ல" என்றேன்.

"அப்ப உயில்தான்" என்று பேனாவைத் திறந்தாள்.

5.9.2025

இரண்டாவது நகல்: வீடு கோயிலுக்கு.

12.9.2025

வேண்டாம். கோயிலுக்குக் கொடுத்தால் யாராவது வாடகைக்கு வந்து கூடத்தில் ஆட்டோ நிறுத்துவான்.

மூன்றாவது நகல்: என் காலத்துக்குப் பிறகு விற்று, படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு. இதுவும் ஒரு வாரம்தான் தாங்கும் என்று எழுதும்போதே தெரிந்தது. மஹ்பூபா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மேடம், நீங்க உயில் எழுதறீங்களா, தொடர்கதை எழுதறீங்களா?"

26.9.2025

சம்பாவுக்கு இன்னும் ஆறு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. பழசில் மிச்சம் மூன்றோடு மொத்தம் ஒன்பது.

சாயங்காலம் இளவேனில் வந்தாள். அறிவின் மனைவி, விழிதியூர் அங்கன்வாடியில் வேலை. வாய்க்காரி என்று பெயர். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். கூடத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒவ்வொரு மூட்டையாகத் தரையில் இழுத்துக்கொண்டு போய்க் கொல்லைத் தாழ்வாரத்தில் சேர்த்தாள். நானும் பிடிக்கப் போனேன், விடவில்லை. முடித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

"மனுஷங்க ஒக்கார்ற எடத்துல ஒரத்த வச்சா யாருக்குத்தான் மூச்சு முட்டாது? நீங்களும் சொல்ல மாட்டீங்க" என்றாள்.

அவள் போன பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. பதினாறாம் நாள் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, பாத்திரம் எடுக்க வந்தவள் போல இவள் அடுப்படிக்கு வந்தாள். என் காதருகே குனிந்து, "ஏன் அத்தை தலைய ஆட்டுனீங்க?" என்றாள். உருமா கட்டியிருப்பது அவள் புருஷனுக்கு. லாபம் அவள் வீட்டுக்கு. அப்படியும் கேட்டாள். அன்றைக்கு எனக்கு அது திமிராகத்தான் பட்டது.

12.10.2025, ஞாயிறு

விழிதியூர் போயிருந்தேன், மூத்தார் வீட்டுக்கு. இளவேனிலின் பெரிய பெண்ணுக்கு ஓவியப் போட்டியில் முதல் பரிசு. சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை வீடெல்லாம் சுற்றியது. இளவேனில் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தாள். மூத்தார் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்:

"செவுத்துல ஆணி அடிக்காத. என்னிக்காச்சும் உன் பேர்ல வீடு வாங்குனா அங்க அடிச்சிக்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். அறிவு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இளவேனிலும் சிரித்தாள். சுத்தியலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள். கை ஆடவில்லை. பழகிப்போன கை.

பதினோரு வருஷம் அந்த வீட்டில் சமைக்கிறாள், பெருக்குகிறாள், இரண்டு பெண்களைப் பெற்றிருக்கிறாள். ஓர் ஆணி அடிக்க முடியாது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு உள்ளே கொதித்தது. அவளுக்காக மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை.

17.10.2025

நான்காவது நகல். நிலம் அறிவுச்செல்வனுக்கு. வீடு அவன் மனைவி இளவேனிலுக்கு.

மஹ்பூபா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "முடிவா?" "முடிவு." அவனுக்கு அப்பன் வீடு வரப்போகிறது, என் நிலமும் வருகிறது. அவளுக்கு எது?

"அவங்க வீட்டுல சொல்லுவீங்களா?"

"மாட்டேன்" என்றேன். உயிலை உறையில் போட்டு, சீல் வைத்து, பதிவாளரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று அவள்தான் ஒரு தடவை சொல்லியிருந்தாள். நான் போன பிறகு பிரித்துப் பார்த்துக்கொள்ளட்டும். மூத்தாரிடம் பாப்போம் மாமா என்று சொல்லிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடலாம். வீடு திரும்பும்போது அல்வா வாங்கினேன். எனக்காக நானே அல்வா வாங்கியது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

6.11.2025

மழை. மூன்று நாளாக விடவில்லை. நடவு மூழ்கிவிடுமோ என்று அறிவு வயலிலேயே நிற்கிறானாம். குடையோடு ஒரு நடை வந்து, என் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டுப் போனான். முழங்கால் வரை சேறு. "உள்ள வரல சித்தி, வீடு நாசமாயிரும்" என்றான். நல்ல பிள்ளை. இதுதான் என்னைத் தின்கிறது. கெட்டவனாக இருந்திருந்தால் உறைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவனை ஏமாற்றுவது போல இருக்கிறது. ஏமாற்றுவது போல என்ன, ஏமாற்றுவதுதான்.

16.11.2025, ஞாயிறு

இளவேனிலிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று வரச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன், அசடு.

முழுதும் கேட்டாள். பிறகு, "எனக்கு வேணாம்" என்றாள்.

"ஏண்டி?"

"நீங்க போனதுக்கப்புறம் கவர ஒடைப்பாங்க. என் பேரு இருக்கும். நீங்க இருக்க மாட்டீங்க. கெழவிய மயக்கி எழுதி வாங்கிட்டான்னு மாமா சொல்லுவாரு, ஊரு சொல்லும். இல்லைன்னு சொல்ல யாரு இருக்கா? அந்தச் சண்டைய நான் ஒருத்தியா போடணும், அந்த வீட்டுலயே சோத்தையும் திங்கணும். நல்லது செய்றேன்னு என்ன மாட்டி விட்டுட்டுப் போறீங்க அத்தை."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"குடுக்கணும்னா உசுரோட இருக்கும்போது சொல்லிக் குடுங்க. எல்லாரு முன்னாடியும். தைரியம் இல்லைன்னா விட்ருங்க, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

டீயைக் குடிக்காமல் போய்விட்டாள். வண்டியைக் கிளப்பும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

17.11.2025

எனக்குத் தைரியம் இல்லையாம். சின்னப் பெண் சொல்கிறாள்.

18.11.2025

அவள் சொன்னது சரி. எழுதி வையுங்கள் என்று முப்பத்தோரு வருஷம் ஊருக்குச் சொன்னேன். வாயைத் திறந்து சொல்லிவிட்டு எழுதுங்கள் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கு உயில் வேண்டியிருந்ததே வாயைத் திறக்காமல் இருக்கத்தான்.

மஹ்பூபாவுக்குப் போன் செய்து, உறை வேண்டாம் என்றேன். "அஞ்சாவது நகலா?" என்றாள். "அதே நகல்தான். ஆனா கொஞ்சம் டைம் குடு."

14.12.2025

ஒரு மாதம் ஆயிற்று. மூன்று தடவை விழிதியூர் போனேன். மூன்று தடவையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இளவேனில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

30.12.2025

சரியாகச் சாப்பிட முடியவில்லை. கேஸ் அடுப்பைத் துடைத்துத் துடைத்து அதன் பெயிண்டே போய்விட்டது.

18.1.2026, ஞாயிறு

நடந்தது நடந்தபடி.

பத்து மணிக்கு மூத்தார், அறிவு, இளவேனில், கூடவே பத்திரம் எழுதுகிறவர் ஒருவர். நாள் குறித்தாகிவிட்டது, பிப்ரவரி ஐந்தாம் தேதி முகூர்த்தம். டைப் செய்த தாள்களை என் முன்னால் வைத்து, ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கம்மா என்றார் மூத்தார். படித்தேன். அன்பின் காரணமாகவும் பிரியத்தின் காரணமாகவும் இன்றே எழுதிக் கொடுக்கிறேனாம். என் அன்பை வேறொருவர் டைப் செய்து கொண்டுவந்திருக்கிறார்.

தாளை மூடினேன். மூத்தார் பக்கமே தள்ளி வைத்தேன்.

"மாமா, நான் உயில் எழுதறேன். செட்டில்மெண்ட் இல்ல. நெலம் அறிவுக்கு. வீடு இளவேனிலுக்கு. ரெண்டும் நான் கண்ண மூடுனதுக்கப்புறம். அதுவரைக்கும் இது என் வீடு, நான் என் ரூம்லதான் இருப்பேன்."

மூத்தாருக்கு முதலில் விளங்கவே இல்லை. "இளவேனிலுக்குன்னா? அறிவு வேற, அவ வேறயா?"

"வேறதான்."

"பதினாறாம் நாளு அத்தன பேரு முன்னாடி சம்மதம்னு சொன்னியேம்மா!"

"அன்னிக்கு என்ன கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன் மாமா. உங்க தம்பி செத்து பதினாறு நாளு. அன்னிக்கா கேக்கறது?"

பத்திரக்காரர் தாள்களைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். மூத்தார் எழுந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்து, "நல்லா ஓதிவிட்டிருக்க" என்றார். "அவ வேணாம்னுதான் சொன்னா" என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. இளவேனில் கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறிவு வண்டிச் சாவிக் கொத்திலிருந்து என் வீட்டுச் சாவியை நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றினான். அதற்கு வெகுநேரம் ஆயிற்று. மேஜையில் வைத்துவிட்டு அப்பாவின் பின்னால் போனான்.

நாலு டம்ளர் டீயும் அப்படியே ஆறிக் கிடந்தது. எல்லாவற்றையும் நானே குடித்தேன்.

19.1.2026

யாரும் வரவில்லை.

24.1.2026

யாரும் வரவில்லை. சம்பா அறுப்பு ஆரம்பித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பசித்துச் சாப்பிட்டேன் இன்று. வெட்கமாகவும் இருந்தது.

27.1.2026, செவ்வாய்

உயில் பதிவு முடிந்தது. சாட்சி இருவர்: என்னோடு வேலை பார்த்த மதியழகன், மஹ்பூபாவின் குமாஸ்தா. யாருடைய தூண்டுதலும் இல்லாமல்தானே என்று பதிவாளர் கேட்டார். இல்லை என்றேன். மதியழகன் வெளியே வந்து, "ஏம்மா, வீட்டுக்காரர் பக்கம் ஒருத்தரும் வரலியா?" என்றார். "அறுப்பு" என்றேன்.

மஹ்பூபா படி இறங்கி ரோடு வரைக்கும் வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

2.2.2026, திங்கள்

இளவேனில் வந்துவிட்டாள். இரண்டு பெண்கள், இரண்டு பை, ஒரு ஸ்கூல் பேக்.

மூத்தார் தினமும் அதே பேச்சாம். மயக்கி வாங்கிவிட்டாள், வசியம் வைத்துவிட்டாள். அவள் பொறுத்துக்கொண்டாளாம். "மாமா பேசுனது எனக்குப் பெருசில்ல அத்தை. புள்ளைங்க அப்பாவுக்குத் தெரியும், நான் வேணாம்னு சொன்னது. பக்கத்துலயே ஒக்காந்து கேட்டுக்கிட்டு ஒரு வார்த்த பேசல. அதான் வந்துட்டேன்."

நான் என்ன சொல்ல? "இரு" என்றேன்.

4.2.2026

ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனா? பின்கட்டில் அடைந்து கிடந்திருந்தால் எல்லோரும் ஒரே கூரையில் இருந்திருப்பார்களா? சின்னவள் சாப்பிடும்போது, "அப்பா எப்ப வருவாரு?" என்றாள். இளவேனில் அவளுக்குத் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

நான் செய்தது சரி என்று மனதில் ஒரு பக்கம் சொல்கிறது. இன்னொரு பக்கம், சரியாக இருந்து என்ன பிரயோஜனம்டி என்கிறது.

9.2.2026

எட்டு நாள். அறிவு போன்கூடச் செய்யவில்லை. இளவேனில் இங்கேயிருந்தே அங்கன்வாடிக்குப் போய்வருகிறாள். விழிதியூரில் வயல் வழியாகப் போகும்போது அறுப்பு மெஷின் பக்கத்தில் அவன் நின்றானாம், பார்த்தானாம். "பாத்துட்டு?" என்று கேட்டேன். "பாத்தாரு, அவ்ளோதான்."

வருஷத் திதி வேறு நெருங்குகிறது. கொள்ளி வைத்தவன் அவன். அவன் வராவிட்டால் யார் செய்வது என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

15.2.2026, ஞாயிறு

சாயங்காலம் வாசலில் பைக் சத்தம். பெண்கள் இரண்டும் மாடியில் இருந்தன, கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே அறிவு. சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. இளைத்திருந்தான். கேட் திறந்துதான் கிடந்தது, அவன் தாண்டவில்லை.

"சித்தப்பா தெவசத்துக்கு அய்யருட்ட சொல்லணும், அதான்..." என்றான்.

"சொல்லு."

கொஞ்ச நேரம் கேட் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றான். பிறகு நிமிராமலே பேசினான். "அப்பாட்ட பேசிட்டேன் சித்தி. அவ கேக்கல, வேணாம்னுதான் சொன்னா, சித்தியாத்தான் குடுத்தாங்கன்னு சொல்லிட்டேன். ஊர்ல நாலு பேரு இருந்தாங்க, அவங்க முன்னாடியேதான் சொன்னேன். அப்பா இன்னும் எங்கிட்ட பேசல."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமேடா என்று கேட்கத்தான் வாய் வந்தது. நானே வாயைத் திறக்கப் பத்து மாதம் எடுத்துக்கொண்டவள், அவனைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"உள்ள வரலாமா சித்தி?" என்றான்.

"இரு. கேட்டுட்டு வரேன்" என்றேன்.

உண்மையாகவே கேட்கத்தான் போனேன். இளவேனில் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். அவள் திரும்பவில்லை. மாவை ஊற்றினாள், வட்டமாக இழுத்தாள், ஓரத்தில் எண்ணெய் விட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவருக்கு எத்தன தோசைன்னு கேளுங்க அத்தை" என்றாள்.